எம். கே. தியாகராஜ பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் (மார்ச் 1, 1910 – நவம்பர் 1, 1959) தமிழ்த் திரைப்பட நடிகரும் கருநாடக இசைப் பாடகரும் நாடகக் கலைஞரும் ஆவார். எம்.கே.டி. என்றும் பாகவதர் என்றும் அழைக்கப்பட்ட இவர், தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரமாகக் கருதப்படுகிறார். 1934 இல் வெளிவந்த பவளக்கொடி இவரது முதல் படம். மறைவுக்குப் பின் 1960 இல் வெளிவந்த சிவகாமி கடைசிப் படம். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இக்காலப் பகுதியில் இவர் நடித்தவை 14 படங்களே. அவற்றுள் ஹரிதாஸ் (1944) சென்னையில் ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படம் வெளிவந்த சில வாரங்களில் நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை தொடர்பாகப் பாகவதர் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். 1947 இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டபோதிலும் இழந்த இடத்தை அவரால் மீண்டும் பெற இயலவில்லை.

பிறப்பும் இளமையும்

பாகவதர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் அடங்கிய மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) பொற்கொல்லர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, தாய் மாணிக்கத்தம்மாள். பெயரின் முன்னெழுத்துகள் இரண்டும் ஊரையும் தந்தையையும் குறிப்பவை. காவிரியின் கடைமடைப் பகுதியான இவ்வட்டாரம் நாகசுரத்துக்கும் தேவாரப் பண்ணிசைக்கும் நாடகத்துக்கும் பெயர் பெற்றது. கோயில் திருவிழாவில் விடிய விடிய இசை கேட்கும் வழக்கம் இங்குச் சாதி, படிப்பு என்ற வேறுபாடின்றிப் பரவியிருந்தது. பின்னாளில் இவருடைய பாடல்களைக் கேட்டு உடனே மனத்தில் பதித்துக்கொண்ட பெருங்கூட்டம், இத்தகைய ஊர்களில் ஏற்கனவே செவிப்பயிற்சி பெற்றிருந்த கூட்டமே என்பதை மறந்துவிடலாகாது.

பாகவதர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாத சிறுவன் பாட்டிலேயே கருத்தாக இருந்தான். தந்தை கண்டித்ததால் வீட்டை விட்டு ஓடிய அவன் கடப்பையில் பாடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டான் என்றும், மகனின் பாட்டுக்குக் கூடிய கூட்டத்தைக் கண்டு தந்தை மனம் மாறினார் என்றும் இவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஊர் திரும்பிய பின் பசனைக் குழுக்களில் பாடத் தடையேதும் இருக்கவில்லை.

நாடக மேடை

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அதிகாரியாகப் பணியாற்றிய எஃப். ஜி. நடேச ஐயர், ரசிக ரஞ்சன சபாவை நிறுவி நாடகங்களையும் இசை அரங்குகளையும் நடத்தி வந்தார். சிறுவனின் குரலைக் கேட்ட அவர், அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடத்தில் அவனை மேடையேற்றினார். நாடகப் பயிற்சியை நடராஜ வாத்தியாரிடமும், கருநாடக இசையை மதுரை பொன்னு ஐயங்கார், ஆலத்தூர் வெங்கடேச ஐயர் ஆகியோரிடமும் இவர் பெற்றார். 1926 இல் திருச்சி பொன்மலையில் நடைபெற்ற பவளக்கொடி நாடகத்தில் அருச்சுனனாக நடித்தபோது, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை இவரைப் பாகவதர் என்று சிறப்பித்தார் என்பது பரவலாகக் கூறப்படும் செய்தி. இசையில் தேர்ந்தவருக்கு உரிய அப்பட்டம் பதினாறு வயது இளைஞனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அக்கால நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் எட்டும்படி உச்சக் குரலில் பாடியாக வேண்டும். அவ்வகையில் மேடையை ஆண்டவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933). அவருடைய குரலுக்காகவே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். கிட்டப்பா 27 வயதில் மறைந்தபோது அந்த இடம் வெறுமையானது. பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் இணைந்து நடித்த பவளக்கொடி நாடகம் ஊர் ஊராக வெற்றி பெற்று வந்தது அந்த ஆண்டுகளில்தான்.

திரைக்கு வருகை

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. அதைத் தொடர்ந்து படம் எடுக்க முன்வந்தோர் புதிதாகக் கதை தேடவில்லை. மேடையில் வெற்றி பெற்ற நாடகத்தை அதன் நடிகர்களோடு அப்படியே படச்சுருளில் ஏற்றினர். காரைக்குடிப் பகுதியில் பவளக்கொடி நாடகத்தைக் கண்ட செட்டிநாட்டு வணிகர்கள் அதைப் படமாக்க முடிவு செய்தனர். வழக்கறிஞரான கே. சுப்பிரமணியம் முதன்முறையாக இயக்குநர் பொறுப்பேற்றார். பாடல்களைப் பாபநாசம் சிவன் எழுதினார். படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இடம்பெற்றன. சென்னை அடையாற்றில் சூரிய ஒளியிலேயே படப்பிடிப்பு நடந்தது. மேகம் மறைத்தால் வேலை நின்றது. காகம் கரைந்தால் ஒலிப்பதிவு கெட்டது.

1934 இல் வெளியான பவளக்கொடி பெரும் வெற்றி பெற்றது. சுப்பிரமணியத்தின் இயக்கத்திலேயே நவீன சாரங்கதரா, தொடர்ந்து பாகவதர் தம் சொந்த நிறுவனத்தின் வழியாகத் தயாரித்த சத்தியசீலன் ஆகியன வெளிவந்தன. இவ்விரண்டையும் பற்றி மிகுதியாகச் சொல்ல இல்லை.

பின்னணிப் பாடல் முறை தமிழில் 1930களின் இறுதியிலேயே தலைகாட்டியது. அதற்கு முன் நடிகர் தம் குரலிலேயே, படப்பிடிப்புத் தளத்திலேயே பாட வேண்டியிருந்தது. ஆகவே கதாநாயகன் என்பவன் முதலில் பாடகன், பிறகே நடிகன். மேடைக்காக உரத்துப் பாடிப் பழகியவர்கள் பலர் ஒலிவாங்கியின் முன் தடுமாறினர். பாகவதரின் குரலோ எட்டும் உயரம் பெற்றிருந்ததோடு இழைவும் பெற்றிருந்தது. மெல்லப் பாடினாலும் சொல் சிதையாது. இந்தியில் கே. எல். சைகல் (1904–1947) ஒலிவாங்கியை நெருங்கி மென்மையாகப் பாடும் முறையால் புகழ்பெற்றதும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான். மேடையிலிருந்து திரைக்கு மாறிய காலத்தின் தேவைக்கு இருவர் குரலும் வெவ்வேறு வழியில் விடையளித்தன.

சிந்தாமணி முதல் சிவகவி வரை

1937 இல் வெளிவந்த சிந்தாமணி இவருடைய வாழ்வில் திருப்புமுனை. மதுரை ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் தயாரித்த இப்படத்தை ஒய். வி. ராவ் இயக்கினார். சிந்தாமணி என்ற தாசியின் மீது பித்துக்கொண்டு பின் பக்தனாக மாறும் பில்வமங்கன் வேடம் பாகவதருக்கு. சிந்தாமணியாக அஸ்வத்தம்மா நடித்தார். ஒரே திரையரங்கில் ஓராண்டுக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப்படம் இதுவே. கிடைத்த இலாபத்தைக் கொண்டு தயாரிப்பாளர்கள் மதுரையில் ஒரு திரையரங்கைக் கட்டி அதற்குச் சிந்தாமணி என்றே பெயரிட்டனர். ஒரு படத்தின் பெயரில் கட்டடம் எழுந்ததைக் கண்ட மதுரை மக்கள், திரைப்படம் என்பது கூத்துக் கொட்டகைச் சமாச்சாரம் அன்று, பெரும் பணம் புரளும் தொழில் என்பதை அன்று உணர்ந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டின் இறுதியில் அம்பிகாபதி வெளிவந்தது. கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் இடையிலான காதலைக் கூறும் இக்கதைக்குப் பாகவதரின் சொந்த வட்டாரத்தோடு தொடர்பு உண்டு. கம்பர் பிறந்த ஊராகக் கூறப்படும் தேரழுந்தூர் மயிலாடுதுறைக்கு அருகில் உள்ளது. படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர், தமிழ் அறியாதவர். காதல் காட்சிகளில் நெருக்கத்தையும் முகபாவத்தையும் அவர் வலியுறுத்தினார். அதுவரை கேமராவுக்கு எதிரே நின்று பாடிவந்த பாகவதர், எதிரில் உள்ள நாயகியைப் பார்த்துப் பாடத் தொடங்கியது இப்படத்தில் எனலாம். எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதியாக நடித்தார். வசனம் எழுதிய இளங்கோவன், பேச்சுக்கும் படத்தில் மதிப்புண்டு என்று காட்டிய முதல் வசனகர்த்தா ஆவார். பாட்டின் ஆட்சி பின்னாளில் வசனத்தால் முடிவுக்கு வந்ததை எண்ணினால், அதன் விதை பாகவதரின் படத்திலேயே விழுந்தது என்பது வியப்பானதே.

திருநீலகண்டர் (1939) படத்தில் குயவராகிய நாயனார் வேடம். இயக்கம் ராஜா சாண்டோ. அசோக் குமார் (1941) படத்தில் சிற்றன்னையின் சூழ்ச்சியால் கண்களை இழக்கும் இளவரசன் குணாளனாக நடித்தார். அசோகராகச் சித்தூர் வி. நாகையாவும், அரசியாகப் பி. கண்ணாம்பாவும் நடித்த இப்படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் ஒரு சிறிய வேடத்தில் தோன்றினார். சிவகவி (1943) பொய்யாமொழிப் புலவரைப் பற்றியது. கோயம்புத்தூரில் உருவான இப்படத்தின் இயக்குநருள் ஒருவரான எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பெயர் அடுத்த ஆண்டு வேறொரு காரணத்துக்காகப் பாகவதரின் பெயரோடு சேர்ந்து நாளிதழ்களில் வர இருந்தது.

இப்படங்களின் பாடல்களில் பெரும்பாலானவை பாபநாசம் சிவன் இயற்றியவை. இசையரங்குகளில் தெலுங்குக் கிருதிகளே மேலோங்கியிருந்த காலம் அது. தமிழிசைக்கு இடம் வேண்டி எழுந்த இயக்கத்தின் விளைவாக 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதற்குள்ளாகவே, செவ்விய இராகங்களில் அமைந்த தமிழ்ப் பாடல்களைப் பாகவதரின் படங்கள் ஏர் ஓட்டுபவர் வரை கொண்டு சேர்த்துவிட்டன. இராகத்தின் பெயர் அறியாதவரும் அந்த இராகத்தைப் பிசகின்றிப் பாடினர்.

நட்சத்திரம் என்ற நிலை

அமெரிக்காவில் தொடக்க காலப் படங்களில் நடிகரின் பெயரே வெளியிடப்படுவதில்லை. 1910 இல், அதாவது பாகவதர் பிறந்த ஆண்டில், புளோரன்சு லாரன்சு என்ற நடிகையின் பெயரைத் தயாரிப்பாளர் கார்ல் லெம்லி விளம்பரப்படுத்தியதைத் திரை நட்சத்திர முறையின் தொடக்கமாகக் கூறுவர். அங்கு நட்சத்திரத்தைப் பட நிறுவனம் உருவாக்கியது. தமிழகத்தில் நிலைமை வேறு. மேடையில் ஏற்கனவே புகழ்பெற்றவரைத் தேடிப் படமுதலாளிகள் சென்றனர். நந்தனார் (1935) படத்தில் நடிக்க கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது இதற்குச் சான்று.

ஆயினும் மேடைப் புகழ் எல்லோருக்கும் திரையில் கைகொடுக்கவில்லை. நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையை நாயகனாகக் கொண்டு 1940 இல் டங்கன் இயக்கிய காளமேகம் படத்தை இங்குக் குறிப்பிடலாம். காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் அரசன் திருமலைராயனின் அவைப் புலவர்களோடு மோதி, அவ்வூரில் மண்மாரி பெய்யச் சபித்ததாகக் கூறப்படும் கவி காளமேகத்தின் கதை அது. கதை டெல்டா மக்களுக்கு நன்கு தெரிந்தது. நாயகன் அவர்கள் இரவு முழுதும் நின்று கேட்ட கலைஞர். இயக்குநர் அம்பிகாபதியை எடுத்தவர். இருந்தும் படம் வெற்றி பெறவில்லை. இராஜரத்தினம் பிள்ளையின் ஆற்றல் நாகசுரத்தில் இருந்தது. பாகவதரிடம் பாட்டும் முகமும் ஒன்றாக இருந்தன.

அந்த முகத்தைப் பலர் தம்முடையதாக்கிக்கொள்ள முயன்றனர். பின்பக்கம் தோள் வரை நீண்டு சுருண்ட முடி பாகவதர் கிராப்பு எனப்பட்டது. இளைஞர்கள் சிகைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கினர். பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் திலகம், சவ்வாது மணம் ஆகியன அவர் அடையாளங்களாயின. பொன்மேனி உடையவர் என்றும், தங்கத் தட்டில் உணவருந்துபவர் என்றும் கதைகள் உலவின. இக்கதைகளில் உண்மை எவ்வளவு என்பதைவிட, பொற்கொல்லர் வீட்டில் பிறந்த ஒருவரைப் பற்றி மக்கள் இவ்வாறு பேசத் தொடங்கினர் என்பதே முக்கியம். அதற்கு முன் தங்கத்தட்டுக் கதைகள் அரசருக்கும் ஜமீன்தாருக்கும் மட்டுமே உரியவை.

புதுக்கோட்டையைச் சேர்ந்த பி. யு. சின்னப்பா (1916–1951) இவருக்கு இணையான போட்டியாளராக விளங்கினார். சின்னப்பா சண்டையிலும் இரட்டை வேடத்திலும் வல்லவர். இருவருடைய இரசிகர்களும் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டனர். தமிழகத்தில் பிற்காலத்தில் வழக்கமாகிவிட்ட இரு நாயகர் போட்டியின் முதல் வடிவம் இது. ஆனால் அன்றைய இரசிகர்களுக்கு மன்றமோ கொடியோ இல்லை. பாட்டைக் கேட்பதும் பார்க்கக் கூடுவதும் தவிர வேறு பணியும் இல்லை. இந்த வேறுபாடு பின்னர் பாகவதரின் வாழ்வில் பெரிதாக விளங்கியது.

ஹரிதாஸ்

இரண்டாம் உலகப் போரின்போது படச்சுருள் தட்டுப்பாடு ஏற்பட்டதால், ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என்று அரசு வரம்பிட்டது. ஐம்பது பாடல்களுக்கு இனி இடமில்லை. சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கத்தில் 1944 அக்டோபர் 16 அன்று, தீபாவளி வெளியீடாக வந்த ஹரிதாஸ் இந்த வரம்புக்குள் எடுக்கப்பட்டது. பெற்றோரையும் மனைவியையும் புறக்கணித்து ரம்பா என்னும் கணிகையிடம் செல்வத்தை இழக்கும் ஒருவன், கால்களை இழந்து, பின் பெற்றோர் தொண்டையே இறைத்தொண்டாகக் கொள்ளும் கதை. ரம்பாவாக டி. ஆர். ராஜகுமாரியும், மனைவியாக இசைக்கலைஞர் என். சி. வசந்தகோகிலமும் நடித்தனர். என். எஸ். கிருஷ்ணன் – டி. ஏ. மதுரம் இணையின் நகைச்சுவையும் இடம்பெற்றது. ஜி. இராமநாதனின் பங்களிப்பில் சாருகேசி இராகத்தில் அமைந்த பாடல் அந்த இராகத்துக்கே ஒரு புதிய வாழ்வைத் தந்தது.

சென்னை பிராட்வே திரையரங்கில் வெளியான இப்படம் 1944, 1945, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளின் தீபாவளி நாட்களிலும் அங்கு ஓடிக்கொண்டிருந்தது. 2005 இல் வெளியான சந்திரமுகி சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைக் கடக்கும் வரை, ஏறத்தாழ 60 ஆண்டுகள், இச்சாதனையை எந்தத் தமிழ்ப்படமும் எட்டவில்லை. போர்க்காலத்தில் புதுப் படங்கள் குறைந்திருந்ததும் இவ்வோட்டத்துக்கு ஒரு காரணம் என்பதையும் கூற வேண்டும்.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

சி. என். இலட்சுமிகாந்தன் முன்னர் மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர். 1943 இல் சினிமா தூது என்ற இதழைத் தொடங்கி, நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய செய்திகளை வெளியிட்டார். இதழ் பரபரப்பாக விற்றது. எழுதாமலிருக்கப் பணம் கொடுத்தவர்களும் இருந்தனர். பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் அவ்விதழின் உரிமத்தை இரத்து செய்யுமாறு சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். உரிமம் இரத்தானது. இலட்சுமிகாந்தன் இந்து நேசன் என்ற வேறோர் இதழின் வழியே அதே பணியைத் தொடர்ந்தார்.

நட்சத்திரத்தை வானத்தில் வைத்த அதே ஆர்வமே இந்த இதழ்களையும் வாங்கியது. திரையில் பக்தராகத் தோன்றுபவர் வீட்டில் எப்படி என்று அறிய விரும்பிய வாசகர் இல்லாமல் சினிமா தூது பிழைத்திருக்க முடியாது. ஆலிவுட்டில் இதற்கு முன்னோடி உண்டு. 1921 இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் ஒரு நடிகையின் மரணம் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டார். மூன்று முறை விசாரணை நடந்து, 1922 இல் முழுமையாக விடுவிக்கப்பட்டும் அவரது நடிப்பு வாழ்க்கை அதோடு சரிந்தது.

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பர் மாதத்தில் பாகவதர், கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் வேறு சிலரோடு கைது செய்யப்பட்டனர். கொலைக்குச் சதி செய்தனர் என்பது திரைத்துறையினர் மீதான குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவருள் ஒருவர் அப்ரூவராக மாறினார்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகளின் முன் விசாரணை நடைபெற்றது. நாயுடுவுக்காகக் கே. எம். முன்ஷி வாதாடினார், நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என ஜூரிகளில் பெரும்பான்மையோர் கூறியதை ஏற்று, 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் அதே ஆண்டு தள்ளுபடியானது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. டி. என். பிரிட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அங்கு வாதாடினார். இங்கு முக்கியமான சட்டப் புள்ளி ஒன்று எழுந்தது. அதற்கு முன் உயர்நீதிமன்ற ஜூரி விசாரணையின் தீர்ப்பில் சாட்சியங்களின் உண்மைத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கி மேல்முறையீடு செய்ய வழியில்லை. 1943 இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 411-அ பிரிவு அவ்வழியைத் திறந்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் புதிய பிரிவு தமக்களித்த அதிகாரத்தின் அளவைச் சரியாகக் கொள்ளவில்லை என்று பிரிவி கவுன்சில் கருதியது. முறையீட்டை மீண்டும் கேட்குமாறு உயர்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. மறு விசாரணையில் வி. எல். எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்கள் நம்பத்தகுந்தவை அல்ல என்று கண்ட நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் ஆகியோர் 1947 ஏப்ரல் 25 அன்று இருவரையும் விடுதலை செய்தனர். இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்ற வினாவுக்கு இறுதி வரை நீதிமன்றத்தில் விடை கிடைக்கவில்லை.

கைதுக்கும் விடுதலைக்கும் இடையே ஏறத்தாழ 28 மாதங்கள். இதில் பெரும்பகுதிக் காலம் பிராட்வே திரையரங்கில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் சிறையில் இருக்க, அதே நகரில் அவரது உருவம் மாலைதோறும் பாடிக்கொண்டிருந்தது. மக்கள் சீட்டு வாங்கிச் சென்று கண்டனர். ஆகவே வழக்கின் காரணமாக மக்கள் இவரை வெறுத்துவிட்டனர் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. கைவிட்டவர்கள் படமுதலாளிகளே எனக் கூறுவது ஓரளவு பொருந்தும். இவர் நடிப்பதாக இருந்த படங்கள் நின்றுபோயின அல்லது கைமாறின. உதயணன் வேடம் இசைக்கலைஞர் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்குச் சென்று, உதயணன் வாசவதத்தா என்ற பெயரில் 1946 இல் வெளிவந்தது. பெற்ற முன்பணங்களைத் திருப்பித் தர வேண்டியிருந்தது; வழக்குச் செலவு மீதமிருந்த செல்வத்தைக் கரைத்தது.

விடுதலைக்குப் பின்

வெளியே வந்த பாகவதர் முதலில் கோயில்களுக்குச் சென்றார். பின் இசையரங்குகளில் பாடினார். கூட்டம் முன்போலவே வந்தது. சொந்தத் தயாரிப்பான ராஜமுக்தி (1948) புனேயில் படமாக்கப்பட்டது. பி. பானுமதி, வி. என். ஜானகி, எம். ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் நடித்த அப்படம் தோல்வியடைந்தது. எம். எல். வசந்தகுமாரி பின்னணி பாடிய தொடக்ககாலப் படங்களுள் ஒன்று என்பதால் இன்று அது நினைக்கப்படுகிறது. டி. ஆர். ராஜகுமாரியுடன் மீண்டும் இணைந்த அமரகவி, எஸ். வரலட்சுமியுடன் நடித்த சியாமளா ஆகிய இரண்டும் 1952 இல் வெளிவந்து எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

அதே 1952 இன் தீபாவளிக்கு வந்த பராசக்தியை இவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். மு. கருணாநிதியின் வசனத்தை சிவாஜி கணேசன் பேச, மக்கள் இப்போது வசனத்தை மனப்பாடம் செய்தனர். சி. என். அண்ணாதுரையின் வேலைக்காரி (1949) ஏற்கனவே பாதையைக் காட்டியிருந்தது. கதைகள் புராணத்திலிருந்து சமகாலச் சமூகத்துக்கு மாறின. பின்னணிப் பாடகர்கள் நிலைபெற்றுவிட்டதால் நாயகன் பாடத் தெரிந்தவனாக இருக்கத் தேவையில்லை. பாகவதரைப் பாகவதராக்கிய தகுதி அவர் சிறையிலிருந்த ஆண்டுகளில் சந்தையில் விலை போகாததாகிவிட்டது. கொலை வழக்கு மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணம் என்றால், உடன் தண்டனை பெற்ற என். எஸ். கிருஷ்ணன் விடுதலைக்குப் பின் நல்லதம்பி (1949), மணமகள் (1951) எனத் தொடர்ந்து வெற்றி பெற்றிருக்க இயலாது. கிருஷ்ணனின் கலை பேச்சில் இருந்தது. புதிய காலத்துக்கு அது ஏற்றதாகவும் இருந்தது. மற்றொருவரான ஸ்ரீராமுலு நாயுடு 1954 இல் மலைக்கள்ளனைத் தயாரித்து இயக்கினார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற அப்படம், அசோக் குமாரில் சிறு வேடம் ஏற்றிருந்த எம். ஜி. இராமச்சந்திரனை முன்னணி நாயகனாக்கியது. அவருடைய இரசிகர்கள் மன்றங்களாகத் திரண்டனர். 1977 இல் அவர் முதலமைச்சரானார். நட்சத்திரம் என்பவர் கேட்டு மகிழத்தக்கவர் என்பதிலிருந்து, தம்மை ஆளத்தக்கவர் என்ற எண்ணத்துக்கு இரசிகர்கள் வந்துசேர ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. அந்தப் புதிய உறவுக்கு வேண்டிய எதையும் பாகவதர் தேடவில்லை. கட்சி அரசியலில் அவர் இறங்கவே இல்லை.

புதுவாழ்வு (1957) படத்தை அவரே இயக்கி நடித்தார். அதுவும் தோல்வி.

மறைவு

நீரிழிவு நோய் இறுதி ஆண்டுகளில் இவரை வருத்தியது, பார்வையும் மங்கியது. குணாளனாகக் கண்ணிழந்து நடித்தவருக்கு இவ்வாறு நேர்ந்ததை அவருடைய இரசிகர்கள் ஊழின் செயலாகப் பேசினர். உடல்நலம் குன்றிய நிலையிலும் இசையரங்குகளை அவர் நிறுத்தவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1959 நவம்பர் 1 அன்று 49 ஆம் வயதில் காலமானார். உடல் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கு இறுதிச்சடங்கு நடைபெற்றது. முடிவடையும் நிலையில் இருந்த சிவகாமி மறு ஆண்டு வெளியானது.

இவருடைய பாடல்கள் இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா, இணையம் என ஒவ்வொன்றாக மாறி வந்துள்ளன. பவளக்கொடி உள்ளிட்ட தொடக்ககாலப் படங்களில் சிலவற்றின் முழுமையான படிகள் கிடைப்பது அரிது. ஹரிதாஸ், சிவகவி, அசோக் குமார் போன்றவை காணக் கிடைக்கின்றன. திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு அரசு இவருக்கு மணிமண்டபம் அமைத்துள்ளது.